பூசையில் இருந்த கம்ப்யூட்டர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ஜெயசிங்குக்குத்தான் போன் போகும். வயது ஐம்பத்திரண்டு. கடைக்கு நேரில் போய்ப் பார்ப்பது பாதி வேலை. மீதியை, தூரத்திலிருந்தே அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திறந்து இயக்கும் ஒரு மென்பொருளை வைத்து வீட்டிலிருந்தே முடித்துவிடுவார். ராயகிரி உரக்கடைத் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதை, கடைக்காரர் பக்கத்துக் கடை ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஜெயசிங்குக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை.

பெருமையோடு சோம்பலும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். புதுப் பதிப்பு ஏற்றவா என்று அந்த மென்பொருள் கேட்கும்போதெல்லாம் கடைக்காரர்கள் பயந்து போன் பண்ணினார்கள். தொல்லை பொறுக்காமல், கேள்வியே வராதபடி முப்பத்தெட்டுக் கம்ப்யூட்டரிலும் நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாக எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

சரஸ்வதி பூசையன்று காலை அந்த மென்பொருள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பழைய பதிப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது, கடவுச்சொல் இல்லாமலே எவனும் உள்ளே நுழையலாம், உடனே புதுப் பதிப்பை ஏற்றிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள் என்றது. பத்து நிமிஷ வேலைதான். ஆனால் ஏற்றும்போது, கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் ஒரு தடவை மவுஸைத் தட்டிச் சம்மதம் கொடுக்க வேண்டும். ஜெயசிங் சாப்பிடாமல் கொள்ளாமல் போனிலும் பைக்கிலுமாக முப்பத்தேழை முடித்தார். உள்ளூர்தானே என்று கடைசியில் வைத்திருந்தது சண்முகசுந்தரியின் கடை.

விசைத்தறிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் சேலைக்கரை வரைந்து கொடுப்பவள் அவள். சர்க்கரை வந்து கண் மங்கியபிறகு புதிதாக வரைய முடியவில்லை. பதினொரு வருஷமாக வரைந்து சேர்த்த கரைகளைத் திறந்து, நிறத்தை மாற்றி, அகலத்தைக் கூட்டிக் கொடுத்துத்தான் பிழைப்பு ஓடியது.

ஜெயசிங் போனபோது பூசை முடிந்திருந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். இருண்ட திரை பூசைக்கு ஆகாதென்று அம்பாள் படத்தைப் போட்டு எரியவிட்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னதும் தயங்கினாள்.

“பூசைக்கு வச்சத இன்னைக்குத் தொடக் கூடாதுல்லா அண்ணாச்சி. நாளைக்குக் காலைல வாங்களேன்.”

இன்னும் அழுத்திச் சொன்னால், சர்ச்சுக்குப் போகிறவனுக்கு நம்ம பூசை இளக்காரம் என்று நினைத்துவிடுவாளோ என்று அவருக்குக் கூச்சம். சரிம்மா என்று சொல்லி, கொடுத்த பொரிகடலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விடிந்து போனபோது திரையில் அம்பாள் இல்லை. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. ராத்திரி எவனோ உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தான், ஒரு கரையும் திறக்கவில்லை. நகல் வைத்திருந்த டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியே கிடந்ததால் அதுவும் போயிற்று. தினமும் கழற்றி மாட்டும் சிரமம் உனக்கு எதற்கு என்று சொன்னவரும் ஜெயசிங்தான்.

நாலு நாள் மல்லுக்கட்டினார். திருநெல்வேலிக்குத் தூக்கிப்போய்க் காட்டினார், அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தறிக்காரர் ஒருவர் தீபாவளிச் சேலைக்குக் கரை கேட்டு வந்து வெறுங்கையோடு போய்க்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்குத் தொட விட்டிருந்தா தப்பிச்சிருக்கும், இல்லையா அண்ணாச்சி? பூசை பூசைன்னு நானே கெடுத்துக்கிட்டேன்.”

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த ஆசையும் அவருக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

“இல்லம்மா. கம்ப்யூட்டரத் தொடவே வேண்டாம். மாடியில இருக்க நெட் பெட்டிய அணைச்சிருந்தாலே போதும், எவனும் உள்ள வந்திருக்க முடியாது. வாசல்ல நிக்கும்போதே எனக்குத் தோணுச்சி. ஒரு ராத்திரிதானன்னு விட்டுட்டேன்.”

திட்டுவாள் என்று நின்றார். திட்டியிருந்தால் தேவலை. சண்முகசுந்தரி டிஸ்க்கை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“மாடியில பூசை இல்லையே அண்ணாச்சி,” என்றாள்.