சாப்பிட்ட பின் மட்டும்

கொஸ்லந்தைக்கு மேலே, நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தில், சந்தியாகுவோடு மனம்விட்டுப் பேச ஒரு ஆள் இருக்கவில்லை. டிஸ்பென்சரி அவர் பொறுப்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர் என்பதால், எங்கள் ஆபீஸ் ஸ்டாப் ஆட்கள் அவரைக் கிளப்பில் கரம் போர்ட் ஆடச் சேர்க்கவில்லை. காற்சட்டை போட்டவர் என்பதால், லயத்து ஆட்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். கலியாணமும் ஆகவில்லை. யார் பெண் கொடுப்பது, யாரிடம் போய்க் கேட்பது? மனிதனை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் கதவைச் சாத்துவதில் எங்கள் தோட்டத்தை மிஞ்ச ஆளில்லை.

அதனால் அவர் சீட்டுகள் மூலம் பேசினார். ஆட்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் வெறும் போத்தலில் மருந்தை ஊற்றி, எப்படிக் குடிப்பது என்று எழுதிய சிறு காகிதத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டும். முன்பிருந்தவர் ‘தினம் மும்முறை ஓர் அவுன்சு வீதம் உட்கொள்ளவும்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“அவுன்சு எந்த லயத்துல இருக்கு, கிளாக்கர்? மணிக்கூடு எத்தன வீட்டுல இருக்கு?” என்று சந்தியாகு என்னிடம் பொரிந்து தள்ளினார்.

காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டினார். ஒரு வேளைக்கு ஒரு பல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்துதான் தோட்டத்தில் பொழுது தொடங்கும். அதையே பிடித்துக்கொண்டு, ‘பெரட்டுக்கு முன், பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும், விளக்கு வைத்ததும்’ என்று எழுதினார். சனம் பிசகாமல் குடித்தது. போத்தல் காலியாகத் திரும்பி வரும்போது, எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததுபோல் மனிதர் பூரித்துப் போவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வெறும் வயிற்றில் குடித்து ஒருவர் வாந்தி எடுத்தார். ‘சாப்பிட்ட பின்’ என்று சேர்த்தார். அப்படியும் இன்னொருவர் வாந்தி எடுக்க, ‘மட்டும்’ என்று ஒரு சொல்லையும் போட்டார்.

“இனி ஒருத்தரும் தப்பா வெளங்க முடியாது” என்றார். அந்த ஒரு சொல்லை யோசிக்க அவருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பிறகு எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சம் வந்தது. அரிசி சுருங்கியது, மாவும் அரிதானது. கீரையையும் கிழங்கையும் தேடி ஆட்கள் காட்டோரம் அலைந்தார்கள். அந்த நேரம் பார்த்து, கொழுந்தெடுக்கும் வேலாயிக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. அவள் புருஷன் வீரய்யா போத்தலோடு ஓடி வந்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கேட்டால் லொறி இல்லை என்று மேலிடத்தில் கையை விரித்தார்கள்.

“மருந்து ஒழுங்கா உள்ள போனாப் பொழச்சுக்குவா” என்று சந்தியாகு என்னிடம் சொன்னார். மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய். அந்தப் போத்தலை நம்பித்தான் அவள் உயிர் இருந்தது.

இரண்டு நாள் கழித்து லயத்துக்குப் போனார். உள்ளே நுழைந்தால் எல்லாரும் எழுந்து சங்கடப்படுவார்கள் என்று வாசலிலேயே நின்றார்.

“சீட்டுல எழுதியிருக்கிற மாதிரிதான மருந்து குடுக்கிற?”

“ஆமாங்க ஐயா, அதுல உள்ளபடிதாங்க” என்றான் வீரய்யா.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வாரமே வேலாயி இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் டிஸ்பென்சரிக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். போத்தலை இரண்டு கையாலும் நீட்டினான். ஒரு பல்கூடக் குறையவில்லை.

“ஏன்டா குடுக்கல?” சந்தியாகு கத்தினார். அவர் கத்தி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

“சாப்பிட்ட பின் மட்டும்னு போட்டிருந்தீங்களே ஐயா. அது எங்க சாப்பிட்டுச்சு? கெடச்ச ரொட்டியப் பிச்சுப் பிச்சுப் புள்ளைகளுக்குக் குடுத்துருச்சு. இன்னைக்குச் சாப்பிடும், நாளைக்குச் சாப்பிடும்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க.”

“வாசல்ல வந்து நின்னேனே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுல திங்க ஒன்னுமில்லன்னு ஐயாகிட்ட எப்படிங்க சொல்றது?” தலையைக் குனிந்துகொண்டான். “மருந்து அப்படியே இருக்குங்க. வேற யாருக்காச்சும் ஆகும்.”

அதற்குப் பிறகு சந்தியாகு சீட்டு எழுதவில்லை. விளக்கு வைக்கும் நேரம் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு தானே லயத்துக்குப் போனார். ஒருநாள் துணைக்கு என்னையும் அழைத்தார். காய்ச்சல்காரர் ஒருவரின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து, சாணம் மெழுகிய தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாயில் கிடந்தவர்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஒக்காருங்க. நானும் லயத்துப் புள்ளதான்” என்றார். ஒருவரும் உட்காரவில்லை.

“என்ன சாப்பிட்டீங்க?”

“சாப்பிட்டோங்க ஐயா” என்றார்கள், எல்லாரும் சேர்ந்து. அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

சந்தியாகு பையிலிருந்து தன் இராச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாண் ரொட்டியை எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தார். பிள்ளைகள் அதையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து வெளியே வந்தார். நாங்கள் படி இறங்கும் வரை அதை யாரும் தொடவில்லை.