முட்டை அறை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அறை

பளிச்சென்று எரிகிற ஒன்றை நாள் முழுக்க உற்றுப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. முதல் பத்து வருசம் முட்டை, அப்புறம் கம்ப்யூட்டர். நீங்களும் சாயங்காலமானால் கண்ணைக் கசக்குகிற ஆள்தானே? அப்படியானால் நாம் ஒரே சாதிசனம், கேளுங்க.

கறுப்புப் பேப்பர்

நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் இருந்தேன். இருட்டு அறையில் முட்டையை லைட்டுக்கு முன் பிடித்தால் கருப்பிடித்ததும் கூமுட்டையும் தெரிந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் வேலைக்கு வைத்த பையன் கல்யாணம் ஆகி ஈரோட்டுக்குப் போய்விட்டான். பண்ணைக்கு ஒரு நம்பர், குஞ்சு எத்தனை, என்றைக்கு வேணும், எல்லாம் எண்தானே என்று ஏழாவதோடு நின்ற என்னை அதில் உட்கார வைத்தார்கள்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஹேச்சரிக்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? வெளிச்சம் காட்டுகிற பெட்டி என்றால் இருட்டில்தான் பார்க்கணும். முட்டை அறை மாதிரியே ஆகட்டும் என்று மேனேஜர் நின்று, ஆபீஸ் அறை ஜன்னல் மூன்றுக்கும் கறுப்புப் பேப்பர் ஒட்ட வைத்தார். ஒட்டியவள் நான்தான். முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "இப்பப் பாரு மல்லிகா, எழுத்தெல்லாம் நெல்லு மொளச்ச மாதிரி பச்சப்பசேல்னு தெரியுது!"

மூணும் எட்டும்

பதினைந்து நாளில் கண்ணுக்குள் மிளகாய்த்தூள் போட்ட மாதிரி ஆனது. தலைவலி தனி. மத்தியானத்துக்கு மேல் மூணுக்கும் எட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நாமக்கல்லில் கண் டாக்டரிடம் போனேன். பவர் ஒன்றும் இல்லை, கண் சிமிட்டத்தான் மறந்துவிட்டாய் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே ஒரு பண்ணைக்கு முன்னூறு குஞ்சுக்குப் பதில் எண்ணூறு போய் இறங்கியது. பண்ணைக்காரர் வண்டியோடு திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். மேனேஜர் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு மாசம் தவணை என்றார். அதற்குள் தப்பு நிற்காவிட்டால் சேலத்திலிருந்து படித்த பெண் வருவாள். முட்டை அறையில் என் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் போட்டாயிற்று. ஆக, நான் வீட்டுக்குத்தான். இதற்கு நடுவில் பண்ணைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்கம்மா, மிச்ச ஐநூறு குஞ்சையும் எங்கூட்டுக் கட்டல்ல படுக்கப் போட்டுட்டு நாங்க கொட்டாயிலீங்களா படுக்கறது?"

கரண்ட் போன மத்தியானம்

ஒரு நாள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் குஞ்சு பொரிக்கிற மிஷினுக்கு மட்டும்தான். புழுக்கம் தாங்காமல் ஒரு ஜன்னல் பேப்பரைக் கிழித்துத் திறந்தேன். கரண்ட் வந்த பிறகும் அதை மூடவில்லை, மேனேஜர் வெளியே போயிருந்தார். அரை மணி வேலை செய்த பிறகுதான் உறைத்தது, கண் எரியவே இல்லை. இருட்டில் அந்த ஒரு பச்சை வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியதுதான் கோளாறு. மற்ற இரண்டு பேப்பரையும் கிழித்தேன்.

ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் பெட்டிக் கண்ணாடியில் ஒரே பளபளப்பு. முட்டை அறையில் என்னோடு பத்து வருசம் நின்ற பழனியம்மாக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக மேசையைத் தள்ளி, ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி திருப்பினோம். திருப்புவதற்கு முன்னால் அக்கா குனிந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏம்புள்ள, இதுக்குள்ள உன்ற மூஞ்சிதான் தெரியுது, நாள் பூரா இதைப் பார்த்தா யாருக்குத்தான் கண்ணெரியாது?"

முப்பது குழி

வெளிச்சம் வந்தும் பாதி வலிதான் போனது. மீதி ஏன் என்று யோசித்தேன். முட்டை பார்க்கையில் ஒரு தட்டு போய் அடுத்த தட்டு வரும்வரை கண்ணை மூடிக்கொள்வோம். யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாரும் செய்வோம். கம்ப்யூட்டரில் தட்டு ஏது? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், நாமும் சிமிட்டாமல் போய்க்கொண்டே இருப்போம்.

முப்பது குழி முட்டை அட்டை ஒன்றை மேசையில் வைத்தேன். ஒரு ஆர்டர் சீட்டை அடித்து முடித்ததும் மடித்து ஒரு குழியில் போடுவேன். முப்பதும் நிறைந்தால் எழுந்து வாசலுக்குப் போய், கண்ணை நன்றாக மூடித் திறந்து, தூரத்துக் கொல்லிமலையைப் பார்த்துவிட்டு வருவேன். மூணு மூணாகவும் எட்டு எட்டாகவும் தெரிய ஆரம்பித்தது. இதை மேனேஜர் முதல் தடவை பார்த்தபோது கேட்டது: "என்னம்மா இது, சீட்டை அடை வெச்சுக் குஞ்சு பொரிக்கப் போறயா?"

ஆளுக்கு ஒரு கட்டு

மாசம் முடிந்தது. கடைசி இரண்டு வாரம் என் கணக்கில் ஒரு தப்பு இல்லை. ஆனாலும் நான் வாசலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையையும் மேனேஜர் எண்ணிக்கொண்டிருந்தார். தப்பு நின்றும் நம்பாமல் சேலத்துப் பெண்ணையும் வரவழைத்துவிட்டார். கெட்டிக்காரி, விரல் பறக்கும். ஆளுக்கு ஒரே அளவில் சீட்டுக் கட்டு கொடுத்து, முதல் நாள் அவள், மறுநாள் நான் என்றார் மேனேஜர். அவள் எழுந்திருக்கவே இல்லை. மத்தியானம்வரை காற்றாய்ப் பறந்தாள், மூணு மணிக்குக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள், கடைசியில் அடித்த சீட்டுகளில் பதினொரு தப்பு. மறுநாள் நான் ஆறு தடவை மலையைப் பார்த்தேன். அவளைவிட அரை மணி பிந்தித்தான் முடித்தேன். தப்பு ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் இரண்டு கட்டையும் மறுபடி மறுபடி சரிபார்த்தார். அந்தப் பெண்ணைப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி அனுப்பினார். பிறகு நான் உட்கார்ந்திருந்த அறைக்குள் வந்து, ஜன்னல் இல்லாத கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே மதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தப் பக்கமும் ஒரு ஜன்னல் வெச்சுடப்பா, மலை இன்னும் கிட்டத் தெரியும்."

கண்ணுக்காக நான் படித்த படிப்பு இவ்வளவுதானுங்க: எந்த மிஷினும் உங்களைப் பார்த்து, போதும் எந்திரிங்க என்று சொல்லாது.