பெரியப்பாவுக்கு லீவு இல்லை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், பட்டம் வாங்கி, மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் லீவு என்ற ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டியிருந்த முதல் ஆளும் நான்தான். அம்மாவும் அப்பாவும் மதுரைக்கு மேற்கே, ஊரார் வயலில் களையெடுத்தும் நட்டும் பிழைக்கிறவர்கள். ஒரு சாவுச் செய்தி வந்தால் கையில் இருப்பதை வரப்பில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அன்றைய கூலி போகும், அவ்வளவுதான். போகலாமா என்று யாரையும் கேட்டதில்லை.

பெரியப்பா போன அன்று நான் கேட்க வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு அண்ணன் அவர். மதுரையில், கோச்சடையில் லோடு ஆட்டோ ஓட்டினார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்ததும், என்னைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து பசுமலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். காலையில் காய்கறி லோடை இறக்கிவிட்டு அதே வண்டியில் என்னைக் கொண்டுபோய் விடுவார். வகுப்பில் என் மேல் மட்டும் கொத்தமல்லி வாசனை அடிக்கும். முதலில் கூசினேன். பிறகு அந்த வாசனை இல்லாத நாளில்தான் என்னவோ போல் இருந்தது. வண்டியை விட்டு இறங்கி "வாரேன் பெரியப்பா" என்று நான் சொன்னால்தான் கியரைப் போடுவார். மறந்து நடந்தால் ஹாரன் அடிப்பார்.

வேலை கிடைத்ததும், ஷிஃப்ட் முடிய நேரமாகும் என்பதால் ஆபீஸ் பக்கத்திலேயே ஹாஸ்டலில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோச்சடைக்குப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது தெரு முக்கு வரை கூடவே வருவார். பஸ் வந்த பிறகும் அந்தச் சொல்லுக்காக நிற்பார்.

எங்கள் ஆபீஸில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் அப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்ததைப் பார்த்தேன். "அண்ணன் போயிட்டாருத்தா. மத்தியானம் படுத்தவரு எந்திரிக்கல. வெரசா வா" என்றார்.

லீவு ஆப்பைத் திறந்தேன். துக்க விடுப்பு என்று ஒன்று இருந்தது. அழுத்தினால் உறவைக் கேட்டது. தந்தை, தாய், கணவர், குழந்தை, உடன்பிறந்தவர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. விரலால் இன்னும் தள்ளிப் பார்த்தேன், ஏதோ மறைந்திருப்பது போல.

என்னோடு டீ குடிக்க வந்திருந்த பக்கத்து நாற்காலித் தோழி கோரிப்பாளையத்துக்காரி. எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அப்பான்னு போட்டுட்டுக் கிளம்புடி. எங்க பெரியத்தா மவுத்தானப்ப நான் தலைவலின்னுதான் போட்டேன். நாலு நாளா ஒரே தலைவலி. டீம் லீடர் தைலமெல்லாம் கொடுத்துவிட்டாரு."

தந்தை என்ற இடத்துக்கு என் விரல் போகவில்லை. இப்போதுதானே அவர் என்னோடு பேசினார்? மிச்சமிருந்த இரண்டு கேசுவல் லீவைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் பெண்களோடு சேர்ந்து நீர்மாலைக்குப் போய் அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வந்தேன். ஆண்கள் அவரைத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் அந்த லோடு ஆட்டோ நின்றது. அதன் பக்கம் திரும்பாமலே அன்று முழுவதும் உள்ளேயும் வெளியேயும் நடந்தேன்.

கேதம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "புள்ள கருமாதி முடியந்தட்டியும் இங்கனதான் இருப்பா. பெரிய கம்பெனில்ல, கொடுக்காமயா இருப்பாக?" அழுகைக்கு நடுவிலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

அப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார். "எம்புட்டு நாளுத்தா கொடுத்திருக்காக?"

"நாளைக்கு ஒரு நாள்தான்ப்பா. பெரியப்பாவுக்கெல்லாம் லீவு இல்லையாம்." உறவுப் பட்டியலைச் சொன்னேன்.

"அதுல நான் இருக்கேனா?"

"முதல் ஆளே நீங்கதான்."

"பெறகென்ன? என்னையப் போட்டு லீவ வாங்கு. நான் சாகையில ஞாயித்துக்கெழமையாப் பாத்துச் சாகுறேன்."

அம்மா துடைப்பத்தோடு வந்தார். "எழவு வீட்டுல பேசுற பேச்சா இது? ஒன் வாயில வெளக்கமாத்த வைக்க."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை முகத்தில் வைத்தவர் வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

இவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தது எதற்கு? கம்பெனியின் விடுப்பு விதிகளை எழுத்து விடாமல் படித்தேன். சட்டத்தையும் தேடினேன். எங்களைப் போன்ற தனியார் வேலைக்குத் துக்க விடுப்பு என்று சட்டத்தில் தனியாக இல்லை, கம்பெனி வைத்ததுதான். ஈட்டிய விடுப்பு உண்டு, நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாததால் அது எனக்கு இன்னும் வரவில்லை. சம்பளமில்லாத விடுப்பு கேட்கலாம், அவர்கள் ஒத்துக்கொண்டால் உண்டு. வார விடுமுறையை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம்.

ஹெச்.ஆருக்கு மெயில் எழுதினேன். 'இறந்தவர் என் பெரியப்பா. என் தந்தை உயிரோடு இருக்கிறார். ஆனால் என்னை வளர்த்துப் படிக்க வைத்தவர் இவர். உங்கள் பட்டியலில் இவருக்கு இடமில்லை. கருமாதி அன்று நான் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.' தயவுசெய்து என்று ஆரம்பித்து, பிறகு அதை அழித்துவிட்டேன்.

ஹெச்.ஆர். அம்மா போனில் கூப்பிட்டார். "பட்டியல என்னால மாத்த முடியாதும்மா. உன் மெயில மேல அனுப்பியிருக்கேன். கருமாதிக்குச் சம்பளமில்லாத லீவு போட்டுக்கோ, நான் ஒத்துக்கிறேன்." அதற்கு முந்தின நாளுக்குத் தோழி தன் விடுமுறையைக் கொடுத்தாள். "பொய் சொல்ல வராத ஒன்னைய வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது" என்று திட்டிக்கொண்டே.

லீவு முடிந்த காலையில் பையை எடுத்தபோது பெரியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "பெரியப்பாவுக்கு லீவு கிடையாதாம் பெரியம்மா. கருமாதிக்கு வந்துருவேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் பெரியப்பான்னு எவன் அவுககிட்டச் சொன்னான்?"

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் வாரேன் என்று சொல்லக்கூடாது. நான் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன். அந்த வாசலில் அப்படி இறங்கியது அதுவே முதல் முறை. அடுத்து வந்த நாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, சொல்லாத அந்தச் சொல் வாயிலேயே கிடந்தது. ரோட்டில் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்தேன்.

கருமாதி முடிந்த சாயங்காலமும் யாரும் சொல்லிக்கொள்ளாமல்தான் கலைந்தார்கள். அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு தெரு முக்கு வரை வந்தார்.

"என் லீவு அப்படியே இருக்கா?"

"இருக்குப்பா."

"இருக்கட்டும்."

பஸ் வந்தது. நான் பைக்குக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அங்கனதான் சொல்லக்கூடாது. இங்கன நின்னு சொல்லலாம்" என்றார்.

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். அதன் கடைசியில் அந்த லோடு ஆட்டோவின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது.

"வாரேன்" என்றேன்.

அப்பா பையைக் கொடுத்தார்.