இருபது மூச்சு

மனதை அடக்குவது எப்படி என்று யாராவது என்னிடம் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது தெருவுக்குத் தெரு தியான வகுப்பு வந்துவிட்டது. வெள்ளை உடுப்பு, ஊதுவத்தி, 'உள்ளே பாருங்கள்' என்று குழைகிற குரல். நானும் உள்ளே பார்த்தவன்தான். எழுபதுகளில், தூத்துக்குடியில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில், கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தேன். அதன் பலனை அனுபவித்தது நான் இல்லை, என் அண்ணன்.

அப்போது நான் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கி அனுப்பும் ஏஜெண்ட் ஒருவரிடம் கிளார்க். பேனா பிடிக்கிற வேலைதான். ஆனால் கஸ்டம்ஸ் ஆபீசுக்கும் லாரி டிரைவர்களுக்கும் நடுவில் கிடந்து இழுபட்டதில் மூக்கு நுனியிலேயே கோபம் நிற்கும். ஒரு தடவை மைக்கூட்டை எடுத்து ஒரு டிரைவர் மேல் வீசிவிட்டேன். அவன் சட்டை நீலமானது, என் வயிறு புண்ணானது. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "மருந்து பாதிதான் கேக்கும் வே, மீதிக்கு உம்ம கோபத்தைக் குறைச்சுக்கிடும்" என்று சொல்லி அந்த மாடிக்கு அனுப்பினார்.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாமியார் வேஷம் எதுவும் கிடையாது. காக்கி அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டுக்கொண்டு, கொடி காட்டாத குறையாக எங்களை மூச்சை இழுக்கவும் விடவும் வைப்பார். வந்த ஏழெட்டுப் பேரில் நான் ஒருவன்தான் வேதக்காரன், கிறிஸ்தவன். அம்மாவிடம் யோகா என்று சொன்னால் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவாள் என்று, வயிற்றுவலிக்குத் தேகப்பயிற்சி என்று சொல்லிவைத்தேன்.

பலன் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் கண்ணை மூடி மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே மாட்டுவண்டி போகிற சத்தம், பஞ்சு மூட்டையின் வாசம், என் நெஞ்சு ஏறி இறங்குவது எல்லாம் தனித்தனியாகத் தெரியும். டிரைவர் கத்தினால் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்லப் பழகினேன். வயிற்று எரிச்சல் குறைந்தது, ராத்திரி தூக்கம் வந்தது. அத்தோடு நின்றிருக்கலாம்.

பிறகு துருத்தி மூச்சு வந்தது. கொல்லன் துருத்தி போல வேகவேகமாக இழுத்து இழுத்து விடுவது. "இருபதுக்கு மேல போகக் கூடாது" என்று கார்டு கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு எதிலும் அவசரம், அமைதியாவதிலும் அவசரம். ஒருநாள் அறுபது வரைக்கும் போய், அப்படியே மூச்சை அடக்கி உட்கார்ந்தேன். மூச்சு முட்டவே இல்லை. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. இந்த உலகத்தில் எனக்கு யார்மேலும் கோபமில்லை என்று தோன்றியது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் பாயில் மல்லாந்து கிடக்கிறேன், கார்டு முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்.

"முட்டலைன்னா மூச்சு மிச்சம் இருக்குன்னு நெனச்சீரோ?" என்றார். "அதைச் செஞ்சிட்டு மூச்சை அடக்கினா உடம்பு உமக்குச் சொல்லாமலே அணைஞ்சு போகும் வே. பாயில இருந்ததால பொழைச்சீரு."

வீட்டில் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அண்ணன் என்னை விட்டுவைத்திருக்க மாட்டான்.

அண்ணன் சங்கு குளிக்கிறவன். எட்டுப் பாகம், ஒன்பது பாகம் என்று ஆள் உயரத்துக்குப் பல மடங்கு ஆழத்தில் வெறும் மூச்சோடு இறங்கி, மணலைத் துழாவிச் சங்கை எடுத்து இடுப்பு வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவது அவன் தொழில். அதில் ஒரு காது போய்விட்டது. அப்பா இறந்த பிறகு நான் படிக்க வேண்டும் என்று அவன் கடலுக்குள் போனான். இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கேலி மட்டும் செய்வான். நான் வகுப்புக்குப் போவது அவனுக்குப் பெரிய விருந்தாகிவிட்டது.

"மூச்சுப் பிடிக்க மாடி ஏறிப் போய்ப் படிக்கியாலே? நான் கீழ இறங்கித்தான படிச்சேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். அண்ணன் என் வாட்சைக் கழற்றி மதினி கையில் கொடுத்து, இரண்டு பேரும் மூச்சுப் பிடிக்கலாம் வா என்றான். ஒரு நிமிஷம் தாண்டியதும் எனக்குக் கண் பிதுங்கிவிட்டது. அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு, மதினியைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, அதற்கு மேலும் அவ்வளவு நேரம் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். "உங்க வாத்தியாரையும் இங்கன கூட்டிட்டு வாலே, அவருக்கும் சேத்துச் சொல்லிக் குடுக்கேன்" என்றான்.

அடங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்த கோபம் அப்படியே இருந்தது. என் வகுப்பிலும் சரக்கு இருக்கிறது என்று காட்டியே ஆக வேண்டும் போலிருந்தது. துருத்தி மூச்சை அவனுக்குச் செய்துகாட்டினேன். இருபது என்றும் சொல்லவில்லை, அறுபது என்றும் சொல்லவில்லை. செய்யச் செய்ய நல்லது என்றேன். அவன் செய்துவிட்டு மறுபடி மூச்சுப் பிடித்தான். மதினி வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோய் அவன் தோளை உலுக்கினாள்.

"ஏலே, முட்டவே இல்லலே!" என்று அண்ணன் சின்னப்பிள்ளை போலக் கத்தினான். "இவ்வளவு நாளும் இதை ஏம்லே ஒளிச்சு வச்சிருந்த?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் பாயில் மல்லாந்து கிடந்ததை, கார்டு தண்ணீர் தெளித்து எழுப்பியதை, அவர் சொன்னதை. நாலு வார்த்தை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் என்னை மெச்சிக்கொண்டிருந்தான். மயங்கி விழுந்தேன் என்று சொன்னால் முற்றமே மறுபடி சிரிக்கும். சும்மா இருந்துவிட்டேன். இதை நான் மறந்துபோய்ச் சொல்லாமல் இருக்கவில்லை, தெரிந்தே சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் பை மற்றவர்கள் பையைவிடக் கனமாக வந்தது. சனிக்கிழமை கடைசி முங்கு. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நெடுநேரம் புஸ் புஸ் என்று மூச்சு இழுத்தான் என்றும், வழக்கமான நேரத்தில் மேலே வரவில்லை என்றும், அவனைத் தேடி இறங்கிய கூட்டாளி ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்.

"அடியில சும்மா இருந்தாம்பா. கையில சங்கு. அடிச்சுக்கிடவும் இல்ல, பதறவும் இல்ல. மூஞ்சி சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். மாடியில் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

அண்ணன் சாகவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தான். திறந்த கண்ணில் அவன் இல்லை. ஊட்டினால் சாப்பிடுவான், உட்கார் என்றால் உட்காருவான், எழுந்திரு என்று சொல்லும்வரை அப்படியே இருப்பான். அம்மாவைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் ஒரே பார்வை. கோபம், கேலி, பசி, ஒன்றும் கிடையாது. பார்க்க வந்தவர்கள், "என்ன அமைதியா இருக்கான், பாவம்" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் சொன்னவர் வாயில் அறைய வேண்டும் போலிருக்கும்.

மாடிக்குப் போய்க் கார்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அதை வாங்கிக்கொண்டால் கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி மூலையில் நிறுத்தினார். "உம்மகிட்ட சொன்னேனே வே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் வகுப்பு நடத்தவில்லை.

கடல் செய்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அம்மா கடலைத்தான் சபித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். மதினி ஒருநாள் சாயங்காலம் என் முன்னால் வந்து தயங்கி நின்றாள். "தம்பி, இந்த மாதிரி இருக்கவுகளுக்கு மூச்சுப் பயிற்சி நல்லதுன்னு ஆஸ்பத்திரியில ஒரு அம்மா சொன்னாவ. நீங்கதான் முன்னால சொல்லிக் குடுத்தியள்லா? அன்னைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டாவ. இன்னொரு தடவை சொல்லிக் குடுங்களேன்."

முடியாது என்று எந்தக் காரணத்தைச் சொல்ல? அண்ணனை முற்றத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தேன். துருத்தி மூச்சு இல்லை, சாதாரண மூச்சுதான். "இழுண்ணே" என்றேன். இழுத்தான். நெஞ்சு முன்பு போலவே அகலமாக விரிந்தது. கன்னம் உப்பியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகம், ஞாயிற்றுக்கிழமை முகம், என் எதிரே வந்து உட்கார்ந்தது. கண் என் வாயையே பார்த்தது. நான் 'விடு' என்று சொன்னால்தான் விடுவான்.

சொன்னால் அந்த முகம் போய்விடும். நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் உதட்டில் நீலம் ஏறுவதைப் பார்த்த பிறகுதான், "விடுண்ணே, விடு!" என்று அலறினேன். விட்டான். முகம் போய்விட்டது.

மதினி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் குரலில் பெருமை கேட்டது.

"பாத்தியளா தம்பி, அவுக மூச்சு மட்டும் எங்கயும் போவல."

"ஆமா மதினி" என்றேன்.