ஆணில்லாப் பூச்சி

பூச்சி குட்டி போடும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. முட்டை, புழு, கூடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். திருப்பதியில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, பொங்கலுக்குப் புத்தூர் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தபோது ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். எங்கள் அவரைப் பந்தலில் கொழுந்தே தெரியாமல் கறுப்பாய் அப்பிக்கிடந்த அசுவினியை, எங்கள் பக்கம் பேனுபங்கா என்போம், அதன் வழியே பார்க்கச் சொன்னார்.

ஊசி போன்ற வாயைத் தண்டில் குத்திக்கொண்டு ஒன்று சாறு குடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து இன்னொன்று கால்களை உதறிக்கொண்டு உயிரோடு வெளியே வந்தது. நான் கத்திவிட்டேன். பெற்றதோ குடிப்பதை நிறுத்தவே இல்லை. ஓர் எறும்பு வந்து அதன் முதுகைத் தடவ, தேன்போல ஒரு சொட்டு விட்டது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததிடம் போனது.

சித்தப்பா சொன்னது அதைவிடத் திகைப்பாக இருந்தது. இங்கே இருப்பதெல்லாம் பெண். நம் பக்கம் ஆண் பூச்சியைப் பார்க்கவே முடியாது, அவற்றுக்குத் தேவையும் இல்லை. பிறக்கிற குட்டியின் வயிற்றிலேயே அடுத்த குட்டி வளரத் தொடங்கியிருக்கும். கூட்டம் பெருத்து நெரிசலானால் சிலதுக்கு இறக்கை முளைத்து வேறு கொடிக்குப் பறந்துவிடும்.

கூட நின்றிருந்த அத்தை கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"குடுத்து வெச்சதுங்க" என்றாள்.

அத்தை என் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை. நகரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. என்னோடு விளையாடத்தான் இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் மாமாவும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாமா எப்போதும்போல எனக்குப் பொரி உருண்டை வாங்கி வந்திருந்தார். அவருடைய அம்மா வெற்றிலையை மடித்தபடி பேசினார். இத்தனை வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. தன் தம்பி மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மகனுக்குக் கட்டிவைக்கலாம். அத்தையை யாரும் துரத்தவில்லை, அவளும் ஒரு பக்கம் இருந்துகொள்ளட்டும். அவள் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வழி தெரிந்திருந்ததே.

"புள்ள பெத்துக்க மாமாவே வேணாம். பேனுபங்கா எல்லாம் பொம்பளைங்களே பெத்துக்குதுங்க" என்றேன்.

மாமாவின் அம்மா கையிலிருந்த வெற்றிலை நழுவியது. சித்தப்பா முகத்தில் ரத்தமே இல்லை. என்னை அறைய ஓங்கிய நைனாவின் கையை அத்தை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, மாமியார் முன் குரலே எழுப்பியிராத அத்தை, பேசினாள்.

"கொழந்த சொல்றது பூச்சிக்கு செரி அத்தே. மனுசங்களுக்கு ரெண்டு பேரும் வேணும். வேலூர் டாக்டரம்மா என்கிட்ட ஒரு கொறையும் இல்லன்னாங்க. உங்க புள்ளையையும் இட்டுக்கினு வரச் சொன்னாங்க. கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்துட்டேன், வரல. இப்ப அந்தப் பொண்ண இட்டுக்கினு போயி இன்னா பண்ணப் போறீங்க?"

மாமாவின் அம்மா மகனைப் பார்த்தார். மாமா அப்படியில்லையென்று சொல்வார் என்று காத்திருந்தார் போலும். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"போலாம் வாம்மா" என்றார்.

அவர் அந்த இரண்டாம் கல்யாணத்தைச் செய்துகொள்ளவில்லை. அத்தையை அழைக்கவும் வரவில்லை. பின்னாளில் அத்தை பக்கத்து ஊர் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்து தனியாகவே இருந்தாள்.

அன்று அவர்கள் போனபின், இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, ஊரெல்லாம் மலடி என்றபோதும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று நைனா கேட்டார்.

"சொன்னா அந்த மனுசன் தல நிமிந்து நடக்க முடியுமா அண்ணா?" என்றாள் அத்தை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படி அழுதாள்.

நான் பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அத்தையைத் தப்பு சொல்ல இனி ஒருவராலும் முடியாது. ஜெயித்தது அத்தைதான் என்பதுவரை எனக்கும் தெரிந்தது. ஜெயித்தவள் ஏன் இப்படி அழுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.