புட்டசாமி கடையின் பிட்டி சிடி

கம்ப்யூட்டரை விற்பது பெரிய வேலையே இல்லை; விற்றதைக் கொண்டுபோய் வீட்டில் மாட்டியதும், குடும்பமே பாய் விரித்து உட்கார்ந்து "ஏதாவது போட்டுக் காட்டுங்க தம்பி" என்று கேட்கும்போது எதைப் போட்டுக் காட்டுவது என்பதுதான் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் மாடிப்படி ஏறி மானிட்டர் சுமந்த அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும். முதுகு இன்னும் வலிக்கிறதா?

நான் வேலை பார்த்தது ஜோகுபாளையத்தில், புட்டசாமி சார் கடையில். மிஷினைக் கோர்ப்பது, கொண்டுபோய் மாட்டுவது, கெட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பது எல்லாம் நான்தான். எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் வாங்கினால் பெரிய பெரிய கேம்களைக் காப்பியடித்து ஒரு சிடி கொடுப்பார்கள். துப்பாக்கி, கார், ரத்தம் எல்லாம் அதில் உண்டு. நான் கொடுத்தது வேறு சிடி. பத்திரிகைகளோடு வரும் சிடிக்களிலிருந்தும் இன்டர்நெட்டிலிருந்தும் நானே பொறுக்கிய சின்னச் சின்ன கேம்கள். செய்தவர்களே "எடுத்துக்கோ, விளையாடு" என்று சும்மா விட்டவை. புட்டசாமி சார் அதற்கு வைத்த பேர் பிட்டி சிடி. பிட்டி என்றால் கன்னடத்தில் ஓசி.

கேம்களின் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. செய்தவருக்கும் அவர் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரிந்த பேர்கள் அவை.

நான் ஏதோ நியாயம் தர்மம் பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸுக்குப் பயந்தேன். காப்பி கேம் போட்டால் அந்தக் காலத்து மிஷின் மூச்சு வாங்கும், நடுவில் நின்றுபோகும், கூடவே வைரஸும் வரும். வந்தால் யார் போவது? நான். ஊருக்கு வெளியே இருக்கும் ஹெப்பகோடிக்கு ரெண்டு பஸ் மாறி நின்றுகொண்டே போய்ப் பாருங்கள், நீங்களும் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

எலுமிச்சம்பழம்

எங்கள் தெருவிலேயே நடராஜன் சார் வீடு. கவர்ன்மென்டில் இருந்து ரிடையர் ஆனவர், மூணு தலைமுறையாகப் பெங்களூர். நான் மாட்டி முடித்ததும் அவர் வீட்டுக்காரம்மா சரோஜா சிபியூவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். மானிட்டருக்குக் கனகாம்பரம். கற்பூரத் தட்டு கீபோர்டுக்கு மேலே சுற்றியபோது நான் கீபோர்டை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, "மவுஸை இது மேல ஏத்தணுமா தம்பி?" என்று கேட்டார். ஸ்கூட்டர் வாங்கினபோது அப்படித்தான் செய்தார்களாம். வேண்டாம்மா, இது எங்கேயும் போகாது என்றேன்.

பிறகு, போட்டுக் காட்டுங்க. நான் பந்தால் செங்கல் உடைக்கும் கேமைப் போட்டேன். ஒரு வீட்டில் முதலில் போடும் கேம் விளக்கம் சொல்லாமல் புரிய வேண்டும் என்பது என் கருத்து. இதில் பந்து இருக்கிறது, பலகை இருக்கிறது, செங்கல் இருக்கிறது. இதைவிடத் தெளிவாகப் பாடப் புத்தகம்கூட இருக்காது. பிரசாதம் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் நின்று பார்த்தார். அவரும் அடுத்த மாதம் வாங்குவதாக இருந்தார். சரோஜாம்மா கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்ளோ விலை கொடுத்து வாங்கினது செங்கல் உடைக்கவா தம்பி?"

கெடு

பக்கத்து வீட்டுக்காரர் எதிர்க்கடையில் வாங்கிவிட்டார். அட்டைப்பெட்டி எங்கள் கடை வாசல் வழியாகவே ஆட்டோவில் போனது. புட்டசாமி சார் அந்த ஆட்டோ திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், கோபம் வந்தாலும் உட்கார்ந்துதான் பேசுவார், முற்றினால் கன்னடத்தில் 'மாராயா', அதாவது அப்பனே என்பார். "ஊருக்கெல்லாம் துப்பாக்கி, நம்ம கடைக்கு மட்டும் செங்கல்லா குமாரு?" என்றார்.

நான் விடவில்லை. அந்த மிஷின் தீபாவளிக்குள் படுக்கும், அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம்தான் வருவார்கள் என்றேன். சின்ன கேம்தான் சுத்தமான கேம், ஒரு ஃப்ளாப்பியில் அடங்குகிறவன்தான் கெட்டிக்காரன் என்றும் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆயுத பூஜை வரைக்கும் பாக்கறேன் மாராயா. அப்புறம் எதிர்க்கடை மாதிரி சிடி இந்தக் கடையில இருக்கணும். இல்ல, நீ இருக்கக் கூடாது."

முருகேசன்

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செல்வியிடம் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் கேம்கள்மேல் சந்தேகம் ஒரு துளியும் இல்லை.

ஹெப்பகோடியில் தர்மபுரிப் பையன்கள் நாலு பேர், ஃபேக்டரி வேலை, ஒரே ரூம். சேர்ந்து காசு போட்டு ஒரு பழைய மிஷின் வாங்கினார்கள். துப்பாக்கி கேமெல்லாம் அதில் அசையக்கூட அசையாது. அவர்களுக்கு நான் போட்டது உலகத்திலேயே சிறந்த கேம். இதில் என்னோடு யாரும் வாதாட வேண்டாம். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஈமெயிலில் வருமே அந்த @ குறி, அதுதான் நீங்கள். பூமிக்கடியில் அறை அறையாக இறங்கிப் போக வேண்டும். எதிரே o வந்தால் அரக்கன், பெரிய D வந்தால் பறக்கும் நாகம். ஒரு D-யைப் பார்த்து மனுஷனுக்கு வியர்க்க வைக்கிறான் என்றால் செய்தவன் லேசுப்பட்டவனா? ஒரே நிபந்தனை, செத்தால் செத்ததுதான். பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க முடியாது. பையன்கள் அதைப் பார்த்து, "அண்ணா, இது கேமா, இல்ல மிஷின் கெட்டுப்போச்சா?" என்றார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

ரெண்டு வாரம் கழித்துக் கடைக்கு போன். எடுத்த புட்டசாமி சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "குமாரு, ஹெப்பகோடியில யாரோ முருகேசன் போய்ட்டானாம்ப்பா. நம்ம கம்ப்யூட்டர்லதான் ஆச்சாம். எர்த் சரியா கொடுத்தியா இல்லையா?" என்றார். நான் ஓடிப்போய் வாங்கினேன். விஷயம் இதுதான்: பையன்கள் @ குறிக்கு ரூம்மேட் முருகேசன் பேரை வைத்து, அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆடி, ஒரு D-யிடம் பறிகொடுத்துவிட்டார்கள். உயிர் கொடுக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் போன். இல்லை என்றேன். அப்போது வேறொரு குரல் வந்தது, நிஜ முருகேசன்: "அண்ணா, நான் டியூட்டிக்குப் போனப்போ என்னைக் கொன்னுட்டானுங்க. இதைக் கேக்க ஆளே இல்லையா?"

ஓசியிலும் சொத்தை உண்டு

சும்மா கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. நூறு பார்த்தால் தொண்ணூறு குப்பை. ஒரு கார் ரேஸ் இருந்தது, கார் சோப்புக் கட்டி மாதிரி இருக்கும், வளைவில் திரும்பாது, சுவருக்குள்ளேயே போய்விடும். ஒன்று சும்மா என்று சொல்லிவிட்டு மூணாவது கட்டத்தில் பணம் அனுப்பு என்று வழிமறிக்கும். அதைச் செய்தவனை ஒரு நாள் எங்கள் கடை சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஆடிப் பார்த்துத்தான் சிடியில் சேர்ப்பேன். அப்படி ஒரு மத்தியானம் தயிர்சாதத்தோடு நான் செங்கல்லை விட்டுவிட்டுப் பாம்பு கேம் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பின்னால் நின்று பார்த்த புட்டசாமி சார் சொன்னார்: "எனக்கும் இந்த மாதிரி ஒரு வேலை இருந்தா சொல்லுப்பா."

போஸ்ட்கார்டு

சந்தாபுராவில் வசந்தா டீச்சர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். மிஷின் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும். இனிமேல் கம்ப்யூட்டர்தான் என்று எல்லாரும் சொன்னதால், சோதனைக்கு ஒன்றே ஒன்று வாங்கினார். அவருக்கு வானத்திலிருந்து வார்த்தை விழும் கேமைப் போட்டேன். தரையைத் தொடுவதற்குள் அந்த வார்த்தையை அடித்துவிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் முழு வாக்கியங்களே விழும். டீச்சர் முதல் நாளே கீபோர்டைப் பார்க்காமலே உட்கார்ந்து கடைசிக் கட்டம் வரை போய்விட்டார். எனக்குத் தெரிந்து அந்த கேமை முடித்த ஒரே ஆள் அவர்தான்.

கேமை மூடும்போது ஒரு செய்தி வரும். "பிடித்திருந்தால் பணம் வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு அனுப்புங்கள்" என்று செய்தவரின் விலாசம் இருக்கும், எங்கேயோ நார்வே பக்கம். நாமெல்லாம் அதைப் படித்துவிட்டு மூடிவிடுவோம் இல்லையா? டீச்சர் மூடவில்லை. "ஒருத்தர் கேட்டிருக்கார். அனுப்பாம இருக்கறது மரியாதையா?" என்று விதான சௌதா படம் போட்ட கார்டு வாங்கி, போஸ்ட் ஆபீஸில் விசாரித்து ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினார். பாராட்டி எழுதினாரா என்று கேட்டேன். பாராட்டினாராம். கூடவே, வாக்கியத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டுவதையும் ஒரு அடியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும், நீங்கள் சேர்க்கவில்லை, ஆகவே வேகம் தப்பாக வருகிறது, திருத்தவும் என்றும் எழுதியிருந்தார். நான் சிரித்துவிட்டேன். ஓசியில் கொடுத்தவரிடம் குறையா?

கொஞ்ச நாளில் டீச்சர் போன் செய்தார். நார்வேயிலிருந்து ஒரு கவர் வந்திருக்கிறது, உள்ளே ஃப்ளாப்பி, போட்டுக் கொடு என்றார். ரெண்டு பஸ் ஏறிப் போனேன். திருத்தப்பட்ட கேம். ஸ்பேஸ் பார் சேர்ந்திருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் டீச்சருக்கு நன்றி. எனக்கு உடம்பு சிலிர்த்தது, நிஜமாகச் சொல்கிறேன். டீச்சருக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மவுஸ் மாத்திக் கொடுங்கன்னு உங்க கடைக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன்? அவர் கடல் தாண்டியே அனுப்பிட்டார் பாருங்க."

ஆயுத பூஜை

அந்த நாளும் வந்தது. கடையைக் கழுவி, மாவிலை கட்டி, மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வாசலில் உடைக்கப் பூசணிக்காயும் தயாராக இருந்தது. பூஜைத் தட்டைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், அவற்றுக்கு நடுவில் ஒரு புது சிடி. எதிர்க்கடையில் வாங்கினவர் யாரிடமோ இரவல் வாங்கிக் காப்பி போட்டது. அதற்கும் மஞ்சள், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. "நாளையிலிருந்து இதுதான் குமாரு. முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிடு" என்றார் புட்டசாமி சார். முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன், செல்வி முகம் ஞாபகம் வந்து நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் முருகேசன் வந்தான், உயிரோடு. ஹெப்பகோடியிலிருந்து மைசூர் பாகு வாங்கி வந்திருந்தான். சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப உடம்பு பரவாயில்லையாப்பா?" என்று விசாரித்தார். அவன் பின்னாலேயே வசந்தா டீச்சர். நல்ல நாளில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். இன்ஸ்டிடியூட்டுக்கு இன்னும் நாலு மிஷின் வேண்டும். எங்கள் கடை ஒரே பில்லில் நாலு மிஷினைப் பார்த்ததே கிடையாது. சார் எழுந்து நின்றுவிட்டார். சந்தோஷத்தில் தட்டிலிருந்த சிடியை எடுத்து, பூவோடு டீச்சரிடம் நீட்டினார். "எதிர்க்கடையில இருக்கறது எல்லாமே இதுல இருக்கு மேடம். நாலு மிஷினுக்கும் போட்டுக் கொடுக்கறோம்."

டீச்சர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். குங்குமம் விரலில் ஒட்டியது. சாதாரணமாகத்தான் கேட்டார்: "இதுல தப்பு இருந்தா எந்த அட்ரஸுக்குக் கார்டு போடணும்?"

சார் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அதில் அட்ரஸ் எங்கே இருக்கும்? டீச்சர் சிடியைப் பூ விழாமல் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, "தம்பி போட்டாரே, அதையே போட்டுக் கொடுங்க" என்று குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் புட்டசாமி சார் பூசணிக்காயைத் தானே எடுத்து வாசலில் உடைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து என் காதருகில் சொன்னார்: "நாளையிலிருந்து எல்லாருக்கும் உன் சிடியையே கொடு. ஆனா பிட்டின்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே மாராயா."

பூஜை போட்டதைத் தூக்கி எறியக் கூடாது என்று அந்தத் துப்பாக்கி சிடியைக் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். நான் அந்தக் கடையில் இருந்த வருஷங்கள் முழுக்க, தினமும் காலையில் அதைப் பார்த்து நாங்கள் ரெண்டு பேரும் தலை வாரிக்கொண்டதைத் தவிர அது வேறு எதற்கும் உதவவில்லை.