கோயில் குறூப்புக்குப் போகாத படம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்து வாசியுங்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் நாலு பேர் 304 என்ற சீட்டு விளையாடுவோம். மற்றவர்கள் கத்துவார்கள், நான் சீட்டை மட்டும் போடுவேன். போன மாதம், எங்களில் ஒருவரான, ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த அண்ணை தன் போனைக் காட்டினார். வளைந்த மூக்கோடு ஒரு யூதர் உலக உருண்டையைப் பிடித்திருக்கும் படம். விலைவாசி ஏற அவர்கள்தான் காரணம் என்று கீழே எழுதியிருந்தது.

“கோயில் வாட்ஸ்அப் குறூப்புக்குப் போடப்போறன். சனம் அறியட்டும்,” என்றார்.

நான் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு வாய் திறந்தேன். “அண்ணை, மகளின்ர பள்ளிக்கூடத்தோட வதைமுகாம் பார்த்திட்டு வந்து நீங்கள்தானே சொன்னனீங்கள்? முதல்ல இப்பிடிப் பொய்ப் படங்கள்தான் வந்தது, அதை நம்பின சனம் யூத அயலவரைக் கொண்டுபோகேக்க பேசாமல் நிண்டது எண்டு. ஊரில தமிழர் எங்களைப் பற்றியும் இப்பிடித்தானே எழுதினவங்கள்?”

“அட, உனக்கும் வாய் இருக்கே!” என்றார் வீட்டுக்கார நண்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை மட்டும் படத்தைத் திரும்பப் பார்த்தார். “ஓமடா, அங்க முகாமில கண்ணாடிக்குள்ள வைச்சிருந்த படத்திலயும் இதே மூக்குத்தான்,” என்று சொல்லி அழித்தார்.

304இல் தோற்றவர் காதில் மடித்த சீட்டு மட்டையைக் கொழுவ வேண்டும். அதற்குக் குணுக்கு என்று பெயர். “ஆட்டம் தோற்கேல்லை, எண்டாலும் எனக்கு ஒண்டு கொழுவுங்கோடா,” என்று அண்ணை காதை நீட்டினார். குணுக்கோடு விளையாடி, வென்றும் விட்டார்.

எழுதத் துணிந்த நாள்: மார்ச் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை.